கையால சாட்டிலைட்டைப் பிடிச்ச தகாவோ டோய் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரத்துல செஞ்ச சாட்டிலைட் பத்தி நம்ம பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு. ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகமும் சுமிடோமோ ஃபாரஸ்ட்ரி கம்பெனியும் சேர்ந்து செஞ்ச லிக்னோசாட், உலகத்துலயே முதல் மர சாட்டிலைட், அப்படின்னு கொஞ்சம் வரி, கூட ஒரு போட்டோ. செய்தியில தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற மனுஷனை முன்னாள் விண்வெளி வீரர் ஒருத்தர்னு மட்டும் சொல்லி விட்டுட்டீங்க, பேர் கூட போடல. அவர் பேர் தகாவோ டோய். விண்வெளியில நடந்த முதல் ஜப்பானியர் அவர்தான். கல்பனா சாவ்லா முதல் தடவை விண்வெளிக்குப் போனாங்களே, அந்தக் கொலம்பியா ஷட்டில்ல அவங்க கூடவே போனவர். அந்தப் பயணத்துல ஒரு டன்னுக்கு மேல உள்ள ஒரு சாட்டிலைட் பிடிபடாம சுத்திக்கிட்டு இருந்தப்போ வெளியில போய் கையாலயே பிடிச்சு நிறுத்தின ரெண்டு பேர்ல ஒருத்தர். இவ்வளவு இருக்குற ஆளைப் பத்தி தமிழ்ல ஒரு முழுக் கட்டுரை நான் படிச்சதில்ல, அதான் இந்தக் கடிதம்.

நான் பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். வருஷா வருஷம் சாவ்லா இறந்த நாளான பிப்ரவரி 1 வந்தா எல்லா பேப்பர்லயும் அவங்க போட்டோ வரும், நல்ல விஷயம்தான், வரணும். ஆனா அந்தக் கட்டுரைகள்ல அவங்களோட 1997 பயணத்தைப் பத்தி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும், ஒரு சாட்டிலைட்டை வெளியில விடுறப்போ கோளாறு ஆயிடுச்சுன்னு. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, யார் சரி பண்ணாங்க, தப்பு யார் மேலன்னு முடிவாச்சுங்கறது எதுவும் இருக்காது. படிக்கிற பசங்களுக்கு சாவ்லா ஏதோ சொதப்பிட்டாங்க போலன்னு ஒரு நினைப்பு மட்டும் தங்கிடுது. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு.

நடந்தது இதுதான். 1997 நவம்பர் 19 கொலம்பியா கிளம்புச்சு, எஸ்டிஎஸ் 87ங்கறது அந்தப் பயணத்தோட பேர். கமாண்டர் கெவின் கிரெகல், பைலட் ஸ்டீவன் லிண்ட்சே, அப்புறம் வின்ஸ்டன் ஸ்காட், கல்பனா சாவ்லா, தகாவோ டோய், உக்ரைன்ல இருந்து லியோனிட் காடென்யுக். தனி நாடா ஆன உக்ரைனோட முதல் விண்வெளி வீரர் அவர். ஆறு பேர்ல ஒருத்தங்க நம்ம ஹரியானா கர்னால்ல பிறந்தவங்க, ஒருத்தர் ஜப்பான், ஒருத்தர் உக்ரைன், அப்படி ஒரு டீம். சூரியனோட வெளி வளிமண்டலத்தைப் பார்க்க ஸ்பார்டன்னு ஒரு சாட்டிலைட்டை ஷட்டிலோட ரோபோ கையால வெளியில விட்டு, சில நாள் கழிச்சு திரும்பப் பிடிச்சு உள்ள வெக்கணும். 21ஆம் தேதி சாவ்லா அதை விட்டாங்க. விட்ட உடனே அது தானா ஒரு சின்ன திருப்பம் திரும்பிக் காட்டணும், அதோட கன்ட்ரோல் சிஸ்டம் வேலை செய்யுதுங்கறதுக்கு அதுதான் அடையாளம். அது திரும்பல. சரி, திரும்பப் பிடிச்சுடலாம்னு ரோபோ கையைக் கொண்டு போனப்போ பிடி சரியா விழாம லேசா இடிச்சுடுச்சு, சாட்டிலைட் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. செகண்டுக்கு சுமார் 2 டிகிரி, அதாவது 3 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. கேக்குறதுக்கு மெதுவாத்தான் தெரியும், ஆனா ரோபோ கை அதைப் பிடிக்க முடியாது. கிரெகல் ஷட்டிலையே அந்தச் சுத்துக்கு ஏத்தாப்ல ஓட்டிப் பார்த்தாரு, எரிபொருள் போய்க்கிட்டே இருக்கு, தரையில இருந்து போதும் நிறுத்துங்கன்னுட்டாங்க.

அதுக்கு அப்புறம்தான் ஸ்காட்டையும் டோயையும் வெளியில அனுப்பி கையால பிடிக்க வெக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. டோய் ஏற்கனவே இந்தப் பயணத்துல வெளியில போறதாத்தான் இருந்துச்சு, ஆனா அது சர்வதேச விண்வெளி நிலையம் கட்டுறதுக்கு வேண்டிய ஒரு கிரேனை டெஸ்ட் பண்ணத்தான். முதல் தடவை விண்வெளிக்கு வந்திருக்காரு, முதல் தடவை கதவைத் திறந்து வெளியில போறாரு, போற இடத்துல பிளான்ல இல்லாத வேலை காத்துக்கிட்டு இருக்கு. நவம்பர் 24 ராத்திரி (அமெரிக்க நேரம்) ரெண்டு பேரும் ஷட்டிலோட சரக்குப் பகுதியில காலை மாட்டிக்கிட்டு நின்னாங்க. கிரெகல் ஷட்டிலை மெதுவா, ரொம்ப மெதுவா ஸ்பார்டன் பக்கத்துல கொண்டு போனாரு. அது சுத்திச் சுத்தி கைக்கு வாட்டமா வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் காத்திருக்கணும், வந்ததும் ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பிடிக்கணும்.

இதை கிளாஸ்ல சொல்றப்போ பசங்க எப்பவும் கேக்குற கேள்வி, மேடம் அங்கதான் எடையே இல்லையே, பிடிக்கிறதுல என்ன கஷ்டம்னு. எடை இல்லைதான், ஆனா நிறை அப்படியே இருக்கு. ஒரு டன்னுக்கு மேல உள்ள ஒரு பொருள் நகர்ந்துக்கிட்டு இருந்தா அதை நிறுத்த என்ன விசை வேணுமோ அது தரையிலயும் அதேதான் மேலயும் அதேதான். படித்துறையில கட்டாம கிடக்கிற பெரிய படகுல அவசரமா கை வெச்சா அது தள்ளிப் போயிடும் பாருங்க, அந்தக் கதைதான் இதுவும். ஒருத்தர் முன்னாடி தொட்டு இன்னொருத்தர் பின்னாடி தொட்டா ஒரு பக்கம் திருகிக்கிட்டு புதுசா ஒரு சுத்து ஆரம்பிச்சுடும். அதுவும் காத்து ஏத்தின அந்த கையுறைக்குள்ள விரலை மடக்குறதே ஒரு வேலை. அப்படி இருந்தும் ரெண்டு பேரும் ஸ்பார்டனைப் பிடிச்சாங்க, அதோட இடத்துல உக்கார வெச்சாங்க, அதுக்கு அப்புறம் கிரேன் டெஸ்ட்டையும் பண்ணாங்க. மொத்தம் 7 மணி 43 நிமிஷம் வெளியில இருந்திருக்காங்க. டிசம்பர் 3 மறுபடியும் வெளியில போய் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா வேலை பார்த்தாங்க, அந்தத் தடவை பந்து வடிவத்துல பறக்குற ஒரு கேமராவையும் டெஸ்ட் பண்ணாங்க.

தரையிறங்கினதுக்கு அப்புறம் நாசா விசாரணை நடத்துச்சு. சாப்ட்வேர் இன்டர்ஃபேஸ்லயும், விமானிகள் தரைக் கட்டுப்பாடு ரெண்டு பக்கமும் வேலை செஞ்ச நடைமுறைகள்லயும்தான் குறைன்னு சொல்லி சாவ்லா மேல இருந்த பழியை எடுத்துட்டாங்க. அதே ஸ்பார்டன் அடுத்த வருஷம், 1998 அக்டோபர்ல, எஸ்டிஎஸ் 95ல திரும்பப் போய் வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வந்துச்சு. பூமியைச் சுத்தின முதல் அமெரிக்கர் ஜான் க்ளென் 77 வயசுல திரும்பப் போனாரே அந்தப் பயணம்தான். அதுல இருந்த இன்னொருத்தர் சியாகி முகாய், டோய் கூடவே ஒரே பேட்ச்ல தேர்வான ஜப்பான் டாக்டர். ஸ்பார்டனை 1997ல டோய் கையால பிடிச்சு காப்பாத்தலைன்னா 1998ல முகாய் போன ஷட்டில்ல அது ஏறியே இருக்காது. இதையெல்லாம் சேர்த்துச் சொன்னாத்தானே ஒரு பயணம் என்னன்னு வாசகருக்குப் புரியும்.

இனி அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தாருன்னு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். 1954ல டோக்கியோ பக்கம் பிறந்தவர், ஒசாகாவுல ஸ்கூல் முடிச்சு, டோக்கியோ பல்கலைக்கழகத்துல வானூர்திப் பொறியியல்ல டிகிரி, மாஸ்டர்ஸ், டாக்டரேட் மூணும் அங்கயே, 1983ல டாக்டரேட் முடிக்கிறாரு. ராக்கெட்டைத் தள்ளுற இன்ஜின் பத்தின ஆராய்ச்சி. 1985ல ஜப்பானோட விண்வெளி ஏஜென்சி, அப்போ அதுக்கு நாஸ்டான்னு பேர், முதல் தடவையா விண்வெளி வீரர்களைத் தேர்வு பண்ணுது. மூணே பேர். மமோரு மோரி, சியாகி முகாய், தகாவோ டோய். முப்பது வயசு, அடுத்த சில வருஷத்துல மேல போயிடலாம்னுதான் யாரா இருந்தாலும் நினைச்சிருப்பாங்க. 1986 ஜனவரி 28 சேலஞ்சர் ஷட்டில் வெடிச்சுது. ஷட்டில் பறக்குறதே நின்னுபோச்சு, ஜப்பான் ஆய்வுக்கூடத்தை ஏத்திக்கிட்டு 80களோட கடைசியிலயே போக வேண்டிய பயணம் தள்ளித் தள்ளி 1992 செப்டம்பருக்குப் போச்சு. அதுலயும் ஒருத்தருக்குத்தான் சீட்டு, மோரி போனாரு. டோய் பேக்கப். அதாவது எல்லா டிரெய்னிங்கும் எடுத்துட்டு கீழயே நிக்கணும். 1994ல முகாய் போனாங்க. டோய் இன்னும் கீழதான்.

இதுல இன்னொண்ணும் சொல்லணும், பத்திரிகைக்காரங்களான உங்களுக்குப் பிடிக்கும். இவங்க மூணு பேரும் காத்துக்கிட்டு இருக்கறப்பவே 1990 டிசம்பர்ல விண்வெளிக்குப் போன முதல் ஜப்பானியர் யாரு தெரியுமா, டோயோஹிரோ அகியாமான்னு ஒரு டிவி நிருபர். டிபிஎஸ் சேனல் சோவியத்துக்குப் பணம் கட்டி அவரை மிர் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி அங்க இருந்து நேரலை கொடுத்தாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி முறையா தேர்வான மூணு பேரும் தரையில இருந்து அதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க.

டோய் அதுக்கு என்ன பண்ணாருன்னா, வேற பாதையில போனாரு. பேலோட் ஸ்பெஷலிஸ்ட்னு ஒரு பயணத்துக்கு மட்டும் போற ஆளா இருந்தவர் 1995ல ஹூஸ்டன் ஜான்சன் சென்டருக்குப் போய் மிஷன் ஸ்பெஷலிஸ்ட் டிரெய்னிங்ல சேர்ந்தாரு. ஷட்டிலோட சொந்த குழுவுல ஒருத்தரா ரோபோ கை ஓட்டணும், வெளியில நடக்கணும், எல்லாத்துக்கும் பொறுப்பு ஏத்துக்கணும், அதுக்கு மறுபடியும் முதல்ல இருந்து படிப்பு. நாற்பது வயசுல. அப்படிப் போனதாலதான் 1997ல ஸ்பார்டன் பக்கத்துல நிக்க முடிஞ்சுது. தேர்வானதுக்கும் பறந்ததுக்கும் நடுவுல 12 வருஷம். நம்ம ஊர்ல ஒரு வேலைக்கு தேர்வு எழுதி லிஸ்ட்ல பேர் வந்து அப்பாயின்ட்மென்ட் வராம உக்கார்ந்திருக்கிற பசங்க எத்தனை பேர், அவங்க யாராவது இதைப் படிச்சா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது.

அப்புறம் அவர் நட்சத்திரம் பார்க்குறவர். வேலைக்காக இல்ல, சின்ன வயசு ஆசை. விண்வெளிக்குப் போயிட்டு வந்தும் அது விடல. ஹூஸ்டன்ல இருந்த காலத்துல ரைஸ் பல்கலைக்கழகத்துல சேர்ந்து வானியல்ல ரெண்டாவது டாக்டரேட் வாங்குனாரு, 2004ல, ஐம்பது வயசு ஆகப்போற நேரத்துல. 2002ல ஒண்ணு, 2007ல ஒண்ணுன்னு ரெண்டு சூப்பர்நோவாவைக் கண்டுபிடிச்சிருக்காரு. சூப்பர்நோவான்னா ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சு சாகறது, தூரத்து கேலக்ஸி ஒண்ணுல நேத்து இல்லாத ஒரு புள்ளி இன்னைக்கு இருக்கும், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வெச்சு ராத்திரி ராத்திரியா பார்த்தாத்தான் கண்ணுல படும். விண்வெளிக்கே போய் வந்த ஆள் திரும்பி வந்து தரையில நின்னு இப்படிப் பார்த்துக்கிட்டு இருக்காருங்கறதை நினைச்சா எனக்கு அவர் மேல மரியாதை கூடுது.

நடுவுல 2003 பிப்ரவரி 1. கொலம்பியா திரும்பி வர்றப்போ சிதறிப்போச்சு, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் போயிட்டாங்க. டோய்க்கு அது தான் பறந்த ஷட்டில், சாவ்லா தன் கூட பறந்தவங்க. 2005 ஜூலை வரைக்கும் ஷட்டில் ஒண்ணும் பறக்கல. சர்வதேச விண்வெளி நிலையத்துல சேர்க்க ஜப்பான் செஞ்சு வெச்சிருந்த கிபோங்கற ஆய்வுக்கூடம் இன்னும் தள்ளிப்போச்சு. 2008 மார்ச் 11 அதிகாலையிலதான் (அமெரிக்க நேரம்) எண்டவர் ஷட்டில், எஸ்டிஎஸ் 123, கிபோவோட முதல் பாகத்தை ஏத்திக்கிட்டு கிளம்புச்சு. அதுல டோய். முதல் பயணத்துக்கும் இதுக்கும் 10 வருஷத்துக்கு மேல இடைவெளி, வயசு 53.

கிபோ மூணு தவணையா போச்சு. முதல்ல போனது சாமான் வெக்கிற ஒரு சின்ன உருளை அறை. அதை ஷட்டிலோட ரோபோ கையால தூக்கி நிலையத்துல மாட்டுற வேலையை டோய்தான் பண்ணாரு, உள்ள முதல்ல நுழைஞ்சதும் அவர்தான். சர்வதேச விண்வெளி நிலையத்துல ஜப்பானுக்குன்னு ஒரு இடம் உண்டானது அன்னைக்குத்தான். ஜூன் மாசம் பெரிய அறை போச்சு, அப்போ இந்தச் சின்ன அறையை எடுத்து அது மேல வெச்சாங்க. 2009 ஜூலையில வெளியில திறந்த மேடை. அந்தப் பெரிய அறையில சாமானை வெளியில அனுப்புற ஒரு சின்ன ஏர்லாக் கதவு இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மர சாட்டிலைட்டுக்கு வர்றப்போ இது வேணும்.

அந்தப் பயணத்துல ஒரு பூமராங் எறிஞ்சு பார்த்தாரு. ஜப்பான்ல பூமராங் சாம்பியனா இருந்த ஒருத்தர் கேட்டுக்கிட்டதுக்காக. எடை இல்லாத இடத்துல எறிஞ்சா திரும்பி வருமா வராதாங்கறது கேள்வி. வந்துச்சு, தரையில வர்ற மாதிரியே. நான் இதை கிளாஸ்ல கேள்வியா போடுவேன், பாதிப் பசங்க வராதுன்னுதான் சொல்லுவாங்க. பூமராங்கைத் திருப்புறது ஈர்ப்பு இல்ல, காத்துதான், நிலையத்துக்குள்ள காத்து இருக்கு, அதனால திரும்புது. ஒரு பேப்பர் துண்டை வெச்சு ஒரு பாடத்தையே நடத்திட்டாரு. ரெண்டு பயணமும் சேர்த்து அவர் மேல இருந்தது 31 நாள்தான். இன்னொரு ஜப்பான் விண்வெளி வீரர் கொய்ச்சி வகாதா 500 நாளுக்கு மேல இருந்தாரு, அதுல நிலையத்துக்கு கமாண்டராவும் இருந்தாரு, அவரைப் பத்தியும் எழுதணும்தான், ஆனா நாள் கணக்கை மட்டும் பார்த்தா டோய் மாதிரி ஆள் கண்ணுல படாமயே போயிடுறாங்க.

2009ல அவர் வியன்னாவுக்குப் போனாரு, ஐநாவோட விண்வெளி விவகார அலுவலகத்துக்கு, விண்வெளிப் பயன்பாட்டுப் பிரிவுக்குத் தலைவரா. 2016 வரைக்கும் அங்க. ராக்கெட்டும் இல்ல பணமும் இல்லங்கற நாடுகளுக்கு விண்வெளி ஆராய்ச்சியில ஒரு வழி காட்டுறதுதான் அந்தப் பிரிவோட வேலை. ஸ்கூல், காலேஜ்களுக்கு கிளினோஸ்டாட்னு ஒரு சின்ன மெஷின் கொடுக்குற திட்டம் அங்க நடந்துச்சு. செடி முளைக்கிறப்போ அதை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கும், செடிக்கு எது கீழ் எது மேல்னு தெரியாம போயிடும், ஈர்ப்பு இல்லைன்னா வேர் எப்படி வளரும்னு மேசை மேலயே பார்க்கலாம். ஒரு ஆசிரியையா எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தெரியல. அப்புறம் அவர் அங்க இருந்தப்பவே, 2015ல, ஐநாவும் ஜப்பானோட விண்வெளி ஏஜென்சியான ஜாக்சாவும் சேர்ந்து கிபோக்யூப்னு ஒரு திட்டம் தொடங்குனாங்க. வளரும் நாட்டு பல்கலைக்கழகங்கள் 10 சென்டிமீட்டர் கனசதுர சாட்டிலைட் செஞ்சு கொடுத்தா கிபோ கதவு வழியா ஜப்பான் வெளியில விட்டுத் தரும். கென்யாவோட நைரோபி பல்கலைக்கழகம் செஞ்சது 2018 மே மாசம் அப்படித்தான் போச்சு, கென்யாவோட முதல் சாட்டிலைட் அது. அடுத்து குவாத்தமாலா, மொரீஷியஸ், மால்டோவா. இந்த நாடுகள்ல அந்த நாள் எவ்வளவு பெரிய செய்தியா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2016ல கியோட்டோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா வர்றாரு, இங்கதான் மரம் வருது. நிலாவுலயும் செவ்வாய்லயும் மனுஷன் நிரந்தரமா இருக்கணும்னா எல்லாத்தையும் பூமியில இருந்து தூக்கிக்கிட்டு போக முடியாது, தானே வளர்த்து தானே வெட்டி கட்டிக்கிற பொருள் வேணும், அது மரம்தான்ங்கறது அவரோட வாதம். 50 வருஷத் திட்டம்னு வெச்சு வேலை பார்க்குறாங்க. முதல் படியா மரம் விண்வெளியைத் தாங்குமான்னு பார்க்கணும். 2020ல சுமிடோமோ ஃபாரஸ்ட்ரியோட சேர்ந்து ஆரம்பிச்சாங்க. காட்டுச் செர்ரி, பிர்ச், அப்புறம் ஹோனோகின்னு மாக்னோலியா குடும்பத்து மரம், இந்த மூணோட துண்டுகளையும் 2022ல கிபோவுக்கு வெளியில சுமார் 10 மாசம் கட்டி வெச்சாங்க. ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பகலும் ராத்திரியும் மாறி மாறி வருது, ஒரு பக்கம் 100 டிகிரி சூடு, மறு பக்கம் மைனஸ் 100. திரும்பக் கொண்டு வந்து பார்த்தா வெடிப்பு இல்ல, வளையல, எடை கூட குறையல. மரம் மக்கணும்னா தண்ணி வேணும், ஆக்சிஜன் வேணும், பூஞ்சை வேணும், அங்க மூணும் இல்லையே. கடைசியில ஹோனோகியைத் தேர்ந்தெடுத்தாங்க, அந்தக் காலத்துல ஜப்பான்ல வாளுக்கு உறை செஞ்ச மரம்.

அந்தப் பெட்டியைச் செஞ்ச விதத்தைப் பத்தி மட்டுமே ஒரு பெட்டிச் செய்தி போடலாம் சார். ஆணி இல்ல, ஸ்க்ரூ இல்ல, பசை இல்ல. ஒரு பலகை ஓரத்துல பல் பல்லா வெட்டி, இன்னொரு பலகை ஓரத்துல அதுக்கு சரியா பள்ளம் வெட்டி, ரெண்டையும் செருகினா வெளியில கோடு மட்டும்தான் தெரியும், பூட்டு உள்ள இருக்கும். ஜப்பான் தச்சர்களோட பழைய முறை. உலோக ஸ்க்ரூ போட்டா சூட்டுல அது ஒரு அளவு விரியும், மரம் ஒரு அளவு விரியும், அந்த இடத்துல விரிசல் விழும். அதனால பழைய முறைதான் இங்க சரியான பொறியியல். மரத்துக்குள்ள ரேடியோ அலை போயிடும், அதனால ஆன்டெனாவை உள்ளயே வெக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கு, இப்போ ஆயிரக்கணக்குல மேல போற சாட்டிலைட்டுகள் வாழ்நாள் முடிஞ்சு கீழ வந்து எரியறப்போ அலுமினியம் ஆக்சைடு துகள்கள் மேல் வளிமண்டலத்துல மிச்சம் ஆகுது. மரம் எரிஞ்சா அந்தத் துகள் இல்ல.

2024 நவம்பர்ல லிக்னோசாட் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்ல நிலையத்துக்குப் போச்சு. டிசம்பர்ல கிபோவோட அந்தக் கதவு வழியா வெளியில போச்சு. 2008ல முதல் அறையைத் தன் கையால மாட்டின ஆள், அது வளர்ந்து கூடமாகி, அதோட சுவத்துல தன் மரத் துண்டுகளைக் கட்டி வெச்சுப் பார்த்து, கடைசியில அதே கூடத்தோட கதவு வழியா தன்னோட மரப்பெட்டியை வெளியில விட்டிருக்காரு, அப்போ அவருக்கு 70 வயசு. இதுதான் சார் செய்தி. இது இல்லாம மரப்பெட்டி போச்சுன்னு மட்டும் போட்டா அது ஏதோ விநோதச் செய்தி மாதிரி ஆயிடுது, பசங்களும் சிரிச்சுட்டு பக்கத்தைத் திருப்பிடுறாங்க.

வெளியில போன லிக்னோசாட்ல இருந்து தரைக்கு சிக்னல் வரல, தொடர்பு கிடைக்கவே இல்ல. மரத்தோட வெப்பம், விரிவு பத்தி அனுப்ப வேண்டிய அளவுகள் கைக்கு வரல. போறப்போ எழுதின பத்திரிகைகள் நிறைய, இதை எழுதினது ரொம்பக் கம்மி. என்னைக் கேட்டா இதையும் எழுதணும், தயங்கவே வேண்டாம். அவங்க அதுக்காக நிறுத்திடல, அடுத்த சாட்டிலைட் செய்யுற வேலையில இருக்காங்க. 1985ல தேர்வாகி 1997 வரைக்கும் காத்திருந்த ஆள்கிட்ட ஒரு தடவை சிக்னல் வரலைன்னா என்ன ஆகிடப்போகுது. தோல்வியை மறைச்சுட்டு வெற்றியை மட்டும் சொன்னா ஆராய்ச்சின்னா என்னன்னு பசங்களுக்கு எப்படித் தெரியும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை இணைப்புல ஒரு முழுப் பக்கம் கொடுங்க, ஸ்பார்டனைப் பிடிச்சப்போ எடுத்த படங்களை நாசா பொதுவுல போட்டு வெச்சிருக்கு, அதுல ஒண்ணைப் பெருசா போடுங்க. நம்ம பேப்பரைத்தான் எங்க ஸ்கூல் லைப்ரரியில வாங்குறாங்க, பசங்க வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. அறிவியல் செய்தி எழுதுற தம்பி தங்கச்சிங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, ராக்கெட் கிளம்புற நாளும் விபத்து நடக்குற நாளும் மட்டும் இல்லாம நடுவுல இருக்குற வருஷங்களையும் பார்க்கச் சொல்லுங்க.

கடிதம் நீளமாயிடுச்சுன்னு எனக்கே தெரியுது. இடம் இல்லைன்னா சுருக்கிக்கோங்க, என்னைப் பத்தி வர்றதையெல்லாம் எடுத்துடுங்க, பூமராங்கைக் கூட எடுத்துடுங்க. ஆனா 1997 ஸ்பார்டன் பகுதியையும் அதுக்கு அப்புறம் விசாரணையில என்ன சொன்னாங்கங்கறதையும் மட்டும் வெட்டிடாதீங்க, அடுத்த பிப்ரவரி 1க்கு கட்டுரை எழுதப்போறவங்க கண்ணுல அது படணும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்